'செட்' என்ற ஒரே சொல்லைக் கொண்டு அகராதி வாங்குவது

ஆங்கில அகராதி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடையில் அதைப் பிரித்து, நீளமான சொல்லாகப் பார்த்துத் தேடுகிறார்கள். ஒளிச்சேர்க்கைக்கான ஆங்கிலச் சொல்லுக்கு என்ன போட்டிருக்கிறது, மின்காந்தத்துக்கான சொல்லுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்தச் சொற்களுக்கு ஒரே பொருள்தான். மட்டமான அகராதிகூட அதைச் சரியாகச் சொல்லிவிடும். அகராதி திணறுவது சின்னச் சொல்லில். அதனால் சோதனைக்கு 'செட்' (set) ஒன்றே போதும்.

பெங்களூரில் இந்தச் சொல் காலையிலேயே வாயில் வந்துவிடும். தர்ஷினி என்ற சிற்றுண்டிக் கடையில் செட் தோசை என்றால் மூன்று தோசை அடுக்கி, பக்கத்தில் 'சாகு' என்ற காய்கறிக் குழம்பும் சட்னியும் வைப்பார்கள். மாவில் அவல் சேர்வதால் மெத்தென்று இருக்கும். மூடி போட்டு ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து எடுப்பார்கள். சில ஓட்டல்களில் இரண்டுதான் வரும், அதுவும் செட்தான். எஸ்.பி. ரோட்டில் ஸ்பேனர் செட் கேட்டால் 6-7இல் தொடங்கி 30-32 வரை 12 உருப்படி உள்ள உறையை எடுத்து வைப்பார்கள். அதில் ஒன்று தொலைந்தாலும் அது செட் இல்லை. வீடு கட்டுகிறவரிடம் செட்பேக் எத்தனை அடி விட்டீர்கள் என்று கேட்கிறோம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு கே-செட் என்ற தகுதித் தேர்வு எழுதுகிறார்கள். அதிலுள்ள 'செட்' மூன்று சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை, இந்தச் சொல்லோடு உறவில்லை. ஆனால் காதுக்கு எல்லாம் ஒரே ஒலிதான்.

இங்கே மதிப்பிடுவது ஐந்தை: கோபில்ட், லாங்மன், ஆக்ஸ்ஃபோர்டு ஆகிய மூன்று கற்போர் அகராதிகள் (ஆங்கிலம் கற்பவருக்காக ஆங்கிலத்திலேயே பொருள் சொல்பவை), ஆங்கிலம்-தமிழ் அகராதிகள், கைப்பேசி மொழிபெயர்ப்பு. வீட்டில் தமிழ், பள்ளியிலோ அலுவலகத்திலோ ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று வாழும் குடும்பத்துக்கு எது உதவும் என்பதுதான் அளவுகோல்.

முதலில் சொல்லின் கனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் சுமார் 430 பொருள்கள்; விளக்கத்தின் நீளம் ஏறக்குறைய 60,000 சொற்கள். பிறகு நடந்த திருத்தத்தில் 'ரன்' 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது. இத்தனையையும் மனப்பாடம் செய்ய முடியாது, தேவையும் இல்லை. மூலத்தைப் பிடித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த மூலத்தைப் புரிந்துகொள்வதில் தமிழ் படித்தவருக்கு ஒரு வசதி உண்டு. நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை இருக்கிறது: அமர் என்பது அமர்த்து ஆகிறது, உருள் என்பது உருட்டு ஆகிறது, ஆடு என்பது ஆட்டு ஆகிறது. பழைய ஆங்கிலத்திலும் இதே வேலை நடந்திருக்கிறது. 'சிட்' என்றால் அமர். அதன் பிறவினைதான் 'செட்', அதாவது அமர்த்து, இருத்து. 'ஃபால்' என்ற விழுதலுக்கு 'ஃபெல்' என்ற வீழ்த்துதல், 'ரைஸ்' என்ற எழுதலுக்கு 'ரெய்ஸ்' என்ற எழுப்புதல், 'லை' என்ற கிடத்தலுக்கு 'லே' என்ற கிடத்துதல் எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஆக, வினையாக வரும் 'செட்'டின் அடியில் 'ஓர் இடத்தில், ஒரு நிலையில் இருத்து' என்ற கருத்து ஓடுகிறது. மேசையில் தட்டு வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது, தேதி குறிப்பது, கேள்வித்தாள் தயாரிப்பது, கைதியை விடுதலை என்ற நிலையில் கொண்டுபோய் விடுவது எல்லாம் அந்த ஒரே கருத்தின் கிளைகள்.

பெயர்ச்சொல்லாக வரும் செட், அதாவது தொகுதி, வேறு கதை. அதில் பழைய பிரெஞ்சு வழியாக வந்த இன்னொரு சொல் கலந்திருக்கிறது; அதன் வேர் 'செக்டா' என்ற இலத்தீன் சொல், ஒருவரைப் பின்பற்றும் கூட்டம் என்று பொருள். தோசை, ஸ்பேனர், கணிதப் பாடத்தில் நாம் கணம் என்று சொல்வது, டென்னிஸ் ஆட்டத்தின் செட் எல்லாம் இந்தப் பக்கம்.

மூன்றாவது ஒரு கூடை இருக்கிறது. அது தானாக நிலைகொள்வது: சிமெண்ட், ஜெல்லி, தயிர், சூரியன். இங்கே யாரும் எதையும் வைக்கவில்லை. பொருள் தானே இறுகுகிறது, உறைகிறது, அடைகிறது. பொழுது அடைந்தது என்றும் கோழி அடை உட்கார்ந்தது என்றும் நாம் சொல்கிறோமே, ஆங்கிலத்திலும் சூரியனுக்கும் அடைகாக்கும் கோழிக்கும் இதே 'செட்' வரும். இந்தப் பொருத்தத்தை எந்த இருமொழி அகராதியாவது ஒரு வரியில் சொன்னால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

இப்போது அகராதிகளுக்கு வருவோம்.

கோபில்ட் 1987இல் பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவானது. அதன் தனித்தன்மை, பொருளை முழு வாக்கியமாகச் சொல்வது. 'ஒருவர் ஒரு பொறியை செட் செய்தால், அவர் இன்னதைச் செய்கிறார்' என்ற அமைப்பில் விளக்கம் போகும். இதனால் கிடைப்பது பெரிய லாபம்: யார் செய்கிறார்கள், எதைச் செய்கிறார்கள், உடன் எந்தச் சொல் வருகிறது என்ற மூன்றும் விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடும். 'செட்' போன்ற சொல்லுக்கு இதுதான் உயிர்நாடி. இந்தச் சொல்லுக்குத் தனியாகப் பொருள் கிடையாது என்றே சொல்லலாம்; பக்கத்தில் நிற்கும் சொல் பொறியா, தேதியா, சாதனையா, தீயா என்பதைப் பார்த்துத்தான் பொருள் தீரும். குறை என்னவென்றால் இடம் பிடிக்கிறது. பதிவு நீண்டுகொண்டே போகும். அவசரமாகத் தேடும் எட்டாம் வகுப்புப் பிள்ளை நடுவில் விட்டுவிடும். ஆங்கிலத்தில் கடிதமும் அறிக்கையும் எழுதுகிற பெரியவர்களுக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதையே.

லாங்மன் 1978இல் வந்தபோதே ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டது: எல்லா விளக்கங்களையும் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதுவது. பட்டியலுக்கு வெளியே ஒரு சொல் தேவைப்பட்டால் அதைச் சிறிய அளவிலான கேபிடல் எழுத்துகளில் அச்சிட்டுக் காட்டிவிடும். ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போய், விளக்கத்தில் உள்ள சொல்லுக்கு இன்னொரு பக்கம் புரட்ட வேண்டிய தொல்லை இதில் குறைவு. நீண்ட பதிவுகளில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு கைகாட்டிச் சொல் இருக்கும். 'செட்'டுக்குள் போகும்போது விளக்கங்களை வரிவரியாகப் படிக்காமல் கைகாட்டிகளை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டினால் தேடுவது அரை நிமிடத்தில் அகப்படும். வினை, பெயர், பெயரடை மூன்றும் தனித்தனிப் பதிவுகளாக, சொல்லின் தோளில் 1, 2, 3 என்ற எண்ணோடு நிற்கும். தேடுவதற்கு முன் வாக்கியத்தில் அது வினையா பெயரா என்று முடிவு செய்யாதவர் இங்கே தவறான பதிவில் போய் மாட்டிக்கொள்வார். பள்ளிப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் லாங்மன்.

ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி மூன்றிலும் வயதில் மூத்தது. அதைத் தொகுத்த ஹார்ன்பி ஜப்பானில் ஆசிரியராக இருந்தபோது உருவாகி, ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக 1948இல் வந்தது. பத்தாம் பதிப்பு 2020. கடைகளில் எளிதாகக் கிடைப்பதும் இதுவே. எடுத்துக்காட்டுகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் 'செட்' தேடுபவர் ஓர் ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'செட்' சேர்ந்த மரபுத்தொடர்களைப் பெரும்பாலும் 'செட்' பதிவில் போட்டிருக்க மாட்டார்கள். தொடரில் உள்ள மற்ற முக்கியச் சொல்லின் கீழ் போட்டிருப்பார்கள். 'செட் த பேஸ்' வேண்டுமென்றால் 'பேஸ்' என்ற சொல்லுக்குப் போக வேண்டும். பதிவுக்குள் ஒரு சின்னக் குறிப்பில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கவனிக்காமல் 'இந்த அகராதியில் இல்லை' என்று மூடிவைப்பவர்கள் நிறைய. அகராதியின் முன்பக்கத்தில் உள்ள பயன்பாட்டு விளக்கத்தை ஒரு தரம் படித்தால் இந்தச் சங்கடம் வராது, யாரும் படிப்பதில்லை.

இந்த அகராதிகளில் நம்மவர்கள் தாண்டிப் போகும் இரண்டு குறிகளை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். ஒன்று, செயப்படுபொருள் குன்றிய வினையா குன்றா வினையா என்று காட்டும் எழுத்துக்குறி. சிமெண்ட் இறுகியது குன்றிய வினை. பொறி வைத்தான் குன்றா வினை. ஒரு வாக்கியத்தில் 'செட்'டுக்குப் பிறகு 'எதை' என்று கேட்டுப் பாருங்கள். விடை வந்தால் குன்றா வினைப் பொருள்களில் மட்டும் தேடுங்கள். விடை வராவிட்டால் மீதியில் தேடுங்கள். பத்துப் பதினைந்து பொருள்களை இந்த ஒரு கேள்வியே ஒதுக்கித் தள்ளிவிடும்.

இன்னொன்று, ஆக்ஸ்ஃபோர்டும் லாங்மனும் கூட்டுவினைகளில், அதாவது வினையோடு 'அப்', 'ஆஃப்' போன்ற சிறு சொல் சேர்ந்து வருபவற்றில், போடும் இருதலை அம்பு. 'செட் அப்' என்பதன் நடுவே அந்த அம்பு இருந்தால், செயப்படுபொருளை இடையிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம் என்று பொருள். 'செட் அப் எ ஷாப்' என்றும் சொல்லலாம், 'செட் எ ஷாப் அப்' என்றும் சொல்லலாம். ஆனால் கடை என்பதற்குப் பதிலாக 'இட்' வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும்: 'செட் இட் அப்'. 'செட் அப் இட்' என்று எழுதுவது நம் ஊர் அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி வரும் பிழை. தமிழில் இப்படிப் பிரிந்து நிற்கும் வினை இல்லாததால் காது எச்சரிக்காது. அம்பைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

கூட்டுவினைகளில் 'செட் ஆஃப்' ஒன்றை எடுத்துக்கொண்டு கடையிலேயே சோதித்துவிடலாம். குறைந்தது நான்கு பொருள் இருக்க வேண்டும். பயணம் புறப்படுவது. வெடியையோ அலாரத்தையோ கிளப்பிவிடுவது. ஒரு நிறம் இன்னொன்றை எடுப்பாகக் காட்டுவது. ஒன்றை இன்னொன்றில் கழித்து ஈடுகட்டுவது. கடைசிப் பொருள்தான் வருமான வரிச் சட்டத்தில் நட்டத்தை வருமானத்தில் ஈடுகட்டுவது பற்றி வருகிறது. இந்த நான்காவது பொருள் இல்லாத அகராதியை வணிகவியல் படிக்கும் பிள்ளைக்கு வாங்கித் தராதீர்கள்.

'செட் இன்' சிறியது, ஆனால் நுட்பமானது. வந்துவிட்டது, இனி சீக்கிரம் போகாது என்ற சாயல் அதில் உண்டு. மழை, குளிர், அழுகல், சீழ் என்று பெரும்பாலும் விரும்பத்தகாதவற்றோடு சேரும். 'மழை பிடித்துக்கொண்டது' என்று நாம் சொல்வது அச்சொட்டாக அதுதான். வெறுமனே 'தொடங்கு' என்று போடும் அகராதி பாதிப் பொருளைத்தான் தருகிறது. 'செட் பேக்' பிரித்து எழுதினால் தாமதப்படுத்துவது, அல்லது கையைக் கடிக்கும் அளவுக்குச் செலவு வைப்பது. சேர்த்து எழுதினால் பின்னடைவு. மனைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விதிப்படி விட வேண்டிய காலியிடமும் அதுவே. பெங்களூரில் வீட்டுக் கடன் கோப்பு பார்க்கிற எவருக்கும் இந்தக் கட்டடப் பொருள் தேவை. கையடக்கப் பதிப்புகளில் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்று கற்போர் அகராதிகளுக்கும் பொதுவாக ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். சிமெண்ட் பற்றிய பொருளில் 'கெட்டியாவது' என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள். இந்த ஊரில் கட்டட வேலையில் இருக்கும் தமிழர்கள் ஏராளம். ஒரு கொத்தனாருக்குத் தெரியும், செட் ஆவது வேறு, பலம் ஏறுவது வேறு. சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர அளவுப்படி முதல் இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன் வரக் கூடாது, இறுதி இறுக்கம் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பலத்தையோ 3, 7, 28 நாள் கழித்துச் சோதிக்கிறார்கள். முதல் இறுக்கம் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பூசினால் சுவர் உதிரும். 'செட்' என்பது குழைவு போய் வடிவம் நிற்கும் தருணம். கல்லாவது அதற்குப் பிறகு நடப்பது. தயிருக்கும் இதே கணக்குத்தான்: உறைந்த தயிர் கெட்டியான பண்டம் அல்ல, அசைத்தால் கலையும், ஆனால் வடிவம் நிற்கும். அகராதிக்காரர்கள் 'வடிவம் நிற்கும்படி' என்ற ஒரு சொற்றொடரைச் சேர்த்திருந்தால் போதும்.

ஆங்கிலம்-தமிழ் அகராதிகளில், சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்டது இன்றும் மதிப்புள்ளது. தமிழ்ச் சொல்வளத்துக்காக அதைப் பக்கத்தில் வைத்திருக்கலாம். பிரச்சினை, பேருந்து நிலையங்களிலும் எழுதுபொருள் கடைகளிலும் விற்கும் கையடக்க இருமொழி அகராதிகளில். அவை 'செட்' எதிரே வை, அமை, பொருத்து, தொகுதி, மறை, இறுகு என்று கால்புள்ளி போட்டு வரிசையாக நிறுத்திவிடும். எது எப்போது என்று ஒரு எடுத்துக்காட்டும் இராது. படிக்கும் பிள்ளை முதல் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். விளைவு, 'சூரியன் வைத்தது' என்று விடைத்தாளில் வரும். இத்தனைக்கும் நம்முடைய 'வை' இந்த வேலைக்கு அருமையான சொல். தீ வை, பொறி வை, அலாரம் வை, பேர் வை, பந்தயம் வை, குழம்பு வை, மனசு வை. 'செட்'டின் முதல் கூடையில் பாதியை 'வை' ஒன்றே தாங்கும். மற்ற இரண்டு கூடைக்கும் அது போகாது என்ற எல்லையைச் சொல்ல ஒரு வரி போதும், அந்த வரிதான் இந்த அகராதிகளில் இல்லை.

இன்னொரு சங்கடம் காலம். ஆங்கிலத்தில் 'செட்' நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே வடிவம். 'தே செட் த டேபிள்' என்றால் வைக்கிறார்களா வைத்தார்களா என்பதை முன்பின் வாக்கியம்தான் சொல்லும். 'ஹி' வந்து, வினையின் முடிவில் 'ஸ்' இல்லையென்றால் இறந்தகாலம் என்று உறுதியாகக் கொள்ளலாம். தமிழில் இது போன்ற வாக்கியத்தைக் காலம் காட்டாமல் எழுத முடியாது என்பதால் மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு முறையும் இதை முடிவு செய்தே தீர வேண்டும்.

கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலிகளில் 'செட்' என்று தனியாகத் தட்டினால் தொகுப்பு, அமை போன்ற ஒன்றைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். முழு வாக்கியத்தையும் கொடுங்கள். விடை பெரிதும் மேம்படும். சந்தேகம் வந்தால் கிடைத்த தமிழ் வாக்கியத்தைத் திருப்பி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். திரும்பி வரும் வாக்கியத்தில் பொருள் மாறியிருந்தால் முதல் விடையை நம்ப வேண்டாம். இதைவிட நல்ல வழி, மேலே சொன்ன மூன்று அகராதிகளின் இணையப் பதிப்புகள். இலவசம். அவற்றில் 'செட் ஆஃப்' என்று இரண்டு சொல்லையும் சேர்த்தே தட்டினால் நேராகக் கூட்டுவினைக்குப் போய்விடலாம், நீண்ட பதிவில் நீந்த வேண்டியதில்லை. இருந்தும் காகித அகராதியை விட்டுவிடச் சொல்ல மனம் வரவில்லை. 'செட்' முழுவதும் கண்முன் விரிந்து கிடக்கும்போது கிளைகளின் உறவு தெரிகிறது. திரையில் ஒரு கிளைதான் தெரியும்.

எந்த அகராதியும் உதவாத ஓர் இடம் நம் பேச்சில் இருக்கும் 'செட்'. 'இந்த வேலை எனக்கு செட் ஆகல' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் 'செட்' போட்டுச் சொன்னால் கேட்பவருக்குப் புரியாது. அங்கே வேண்டியது 'சூட்'. 'ரூம் செட் பண்ணிட்டேன்' என்பதற்கு 'அரேஞ்ச்'. 'அவன் எங்க செட்' என்பதற்கு 'பேட்ச்' அல்லது 'கேங்'. பல் செட்டுக்கு 'டென்ச்சர்'. தமிழில் இவை தவறல்ல, வந்து குடியேறி நம் சொல்லாகிவிட்டவை. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் கவனம் வேண்டும். நேர்காணலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இந்த நான்கையும் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

புதிய பதிப்பு வாங்க வசதியில்லை என்றால் சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளிலும் அவென்யூ ரோட்டிலும் தேடலாம். 'செட்' போன்ற சொல்லின் பொருள் பத்து வருடத்தில் மாறிவிடாது, ஒரு பதிப்பு பழையதாக இருந்தால் நட்டமில்லை. கைப்பேசி, இணையம் சார்ந்த புதுச்சொற்கள்தான் விடுபட்டிருக்கும். ஆனால் போலி அச்சுப் பிரதிகளைக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்க எழுத்து தூக்கலாகத் தெரியும், இருதலை அம்பு போன்ற சிறு குறிகள் மழுங்கியிருக்கும், வண்ணக் கைகாட்டிகள் கறுப்பாகவோ சாம்பலாகவோ வந்திருக்கும். கைகாட்டி தனித்துத் தெரியாத லாங்மனை வாங்குவதில் பயன் இல்லை. கடைசியாக, 'எஸ்' எழுத்துப் பகுதியைப் பிரித்துப் பக்க எண்களை எண்ணிப் பாருங்கள். ஆங்கில அகராதியில் மிகத் தடித்த பகுதி அது, அதிகம் புரட்டப்படுவதால் தையல் முதலில் விடுவதும் அங்கேதான். 'செட்' வரும் பக்கங்கள் கழன்று காணாமல் போயிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.